கொழும்பில் அடைபட்ட மாதங்கள்: வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் அரசிடம் எதை, எப்படிக் கேட்பது

2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் துபாய், மலேசியா, மாலத்தீவு, ஈரான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையில் மாட்டிக்கொண்டு, ஜூன் மாதத் தொடக்கத்தில் கடற்படைக் கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கிய எங்களைப் பற்றி நான் பார்த்த வரையில் யாரும் விரிவாக எழுதவில்லை. நான் தங்கச்சிமடத்துக்காரன். மண்டபத்தில் கருவாட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன். அரசைக் குறை சொல்வதும் புகழ்வதும் இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. அரசின் உதவி என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தவிக்கிறவர்கள் எல்லோரையும் தானாகத் தேடி வருவதில்லை. பட்டியலில் பெயர் ஏறியவரைத்தான் வந்தடைகிறது. அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு என்னென்ன வேண்டியிருந்தது என்பதை எனக்கு முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் பாதிக் கவலையும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும்.

எங்கள் நிறுவனம் கொழும்பு புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு நெத்திலிக் கருவாடு அனுப்புகிறது. பழைய பாக்கி நிறையத் தேங்கிவிட்டதால், கணக்கை நேரில் ஒப்பிட்டுப் பார்த்து வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். மார்ச் இரண்டாம் வாரத்தில் மதுரையிலிருந்து விமானத்தில் போனேன். இரண்டு வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். அதற்குச் சில நாட்கள் முன்புதான் எங்கள் ஊர் ஆட்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய், பாஸ்போர்ட் எதுவும் இல்லாமலே வழிபட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் திரும்பி வரும் பயணச்சீட்டும் கையில் வைத்திருந்த நான்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் இலங்கை தன் விமான நிலையத்துக்கு வருவோரை நிறுத்தியது. பிறகு மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்தியாவில் இறங்கக் கூடாது என்று நம் அரசு அறிவித்தது. என் பயணச்சீட்டு அதற்குப் பிந்திய தேதிக்கு இருந்தது. முன்தேதிக்கு மாற்ற முயன்றபோது இருந்த ஒன்றிரண்டு இடங்களும் என் சம்பளத்தில் வாங்க முடியாத விலைக்கு ஏறியிருந்தன. மார்ச் 20 மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. மற்ற மாவட்டங்கள் பலவற்றில் அவ்வப்போது தளர்த்தினார்கள்; கொழும்பில் மே 26 வரை அது விட்டபாடில்லை.

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய லாட்ஜில் நாளொன்றுக்கு இலங்கைப் பணம் இரண்டாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்திருந்தேன். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ரூபாய் ஏறக்குறைய இரண்டரை. ஊரடங்கு தொடர்ந்தபோது, புதிதாக யாரும் தங்க வரப் போவதில்லை, நான் எங்கும் போகப் போவதுமில்லை என்பது உரிமையாளருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தினவாடகையைக் குறைக்க அவர் ஒப்பவில்லை. மாத வாடகையாக முப்பத்தையாயிரம் தருகிறேன், முன்பணமாகத் தருகிறேன், ரசீது வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எப்படியும் அடுத்த வாரம் விமானம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நாள் கணக்கிலேயே வாடகை கொடுத்துக் கொண்டிருந்தவர்கள் பலர். நாடுகள் எல்லைகளை மூடினால் அது வாரக் கணக்கில் முடிகிற விஷயம் அல்ல. முதல் வாரத்திலேயே மாத வாடகை பேசிவிட வேண்டும்; ஒவ்வொரு தொகைக்கும் பெயர், தேதி, முகவரியோடு ரசீது வாங்கிவிட வேண்டும். அந்த ரசீதுதான் பின்னால், நான் இன்ன முகவரியில் இன்ன தேதியிலிருந்து இருக்கிறேன் என்பதற்கு ஒரே சான்றாக நின்றது.

பணம் எடுப்பதில் வேறு ஒரு முடிச்சு இருந்தது. என் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் கட்டணமும் நாணய மாற்றுக்கான பிடித்தமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்பது வேறு. ஆனால் இணையத்தில் எதைச் செய்யப் போனாலும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க ரீசார்ஜ் செய்ய வேண்டும். அதற்கும் ஓடிபி கேட்கும். கடைசியில் தங்கச்சிமடத்திலிருந்து என் மனைவி கடைக்காரரிடம் பணம் கொடுத்து ரீசார்ஜ் செய்துதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. வெளிநாடு போகிறவர்கள், எவ்வளவு குறுகிய பயணமாக இருந்தாலும், இந்திய சிம்முக்கு ரோமிங்கைத் திறந்து வைத்து, வீட்டில் உள்ள ஒருவருக்கு அதை ரீசார்ஜ் செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. கையில் இருக்கும் ரொக்கத்தை முதல் வாரத்தில் செலவழிக்காமல், அட்டை செல்லும் இடத்தில் அட்டையையே கொடுங்கள். தெருவுக்கு லாரியில் காய்கறி கொண்டுவந்தவரிடம் ரொக்கம் மட்டும்தான் செல்லுபடியானது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரை ஏப்ரல் தொடக்கத்தில் தீர்ந்து போனபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். மருந்தகங்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. தொலைபேசியில் பெயரைச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏற்பாடு மெல்ல உருவாகிக் கொண்டிருந்தது. லாட்ஜுக்கு அருகில் இருந்த பாமசிக்காரரை அழைத்து, இராமநாதபுரத்தில் வாங்கும் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "ஐயா, அந்தப் பேரில இங்க ஒண்டும் வாறதில்ல. மட்டைக்குப் பின்னால சின்ன எழுத்தில என்ன போட்டிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். காலி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வெள்ளித் தாளில் பாதி கிழிந்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, மெட்பார்மின் என்றும் அதன் மில்லிகிராம் அளவையும் படித்துச் சொன்னேன். மாலையில் வேறு நிறுவனத்தின் பெயரில் அதே மருந்து வந்து சேர்ந்தது. அந்தக் காலி அட்டையைக் குப்பையில் போட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. நமக்குத் தெரிந்தது கம்பெனி வைத்த பெயர் மட்டும்தான். எல்லை தாண்டினால் மருந்தின் மூலப்பெயர்தான் செல்லும். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையிட்ட சீட்டு ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். அது மருந்துக்கு மட்டும் அல்ல, பட்டியலில் முன்னுரிமை பெறவும் பயன்படும். என் விஷயத்தில் பயன்பட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகங்கள் அந்தந்த நாட்டில் சிக்கியவர்களின் விவரங்களை இணையப் படிவத்தில் பதிந்துகொண்டன. கொழும்பிலும் அப்படித்தான் பதிந்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், விசா முடியும் நாள், தற்போதைய முகவரி, சொந்த மாநிலம், மாவட்டம், உடல்நிலை, உடனே திரும்ப வேண்டியதற்குக் காரணம் ஆகியவற்றை நிரப்ப வேண்டியிருந்தது. இதில் காரணம் என்ற கட்டத்தை வெறும் வேண்டுகோளாக நிரப்பிவிடக் கூடாது. மே 5-ஆம் தேதி மத்திய உள்துறை வெளியிட்ட நெறிமுறையில் யாருக்கு முதலிடம் என்பது தெளிவாக இருந்தது: வேலை இழந்த தொழிலாளர்கள், குறுகிய கால விசா முடியும் நிலையில் உள்ளவர்கள், அவசர மருத்துவத் தேவை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், குடும்பத்தில் சாவு நேர்ந்தவர்கள், மாணவர்கள். இதைப் படித்த பிறகு என் பதிவுக்குத் துணையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். குடும்பத்தைப் பிரிந்து மிகவும் கஷ்டப்படுகிறேன் என்ற வரிகளை அடித்துவிட்டு, குறுகிய கால விசா, சர்க்கரை நோய், மருத்துவர் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது, கையிருப்பு இவ்வளவு என்று நான்கு வரியில் எழுதினேன். மின்னஞ்சலின் தலைப்பிலேயே பெயர், பாஸ்போர்ட் எண், மாவட்டம் மூன்றையும் போட்டேன். அதன் பிறகு எழுதியவை எல்லாவற்றையும் அதே மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாகவே அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதினால் வாசிப்பவருக்கு நாம் ஒவ்வொரு தடவையும் புதிய ஆள். அலுவலகக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இது எனக்குத் தெரிந்திருந்தது. எங்களோடு இருந்த கொத்தனார் வேலைக்காரர்களுக்கும் கோயில் யாத்திரை வந்த முதியவர்களுக்கும் அது தெரிய நியாயமில்லை. லாட்ஜில் இருந்தவர்களுக்கு என் கைப்பேசியிலேயே படிவம் நிரப்பிக் கொடுத்தது அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை.

விசா முடிகிறதே என்பது எல்லோருக்கும் இருந்த பெரிய அச்சம். இலங்கைக் குடிவரவுத் துறை நாட்டில் இருந்த வெளிநாட்டவர் எல்லோருடைய விசாவையும் பொது அறிவிப்பின் மூலம் தவணை தவணையாக நீட்டித்துக் கொண்டே வந்தது. ஆனாலும் அறிவிப்பு வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு அறிவிப்பையும் தேதியோடு சேமித்து வைத்தேன். துறைமுகத்தில் குடிவரவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் என் பழைய விசாத் தேதியைப் பார்த்துத் தலையை நிமிர்த்தியபோது, கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கும் அது தெரிந்ததுதான், ஆனாலும் காட்டியவுடன் முத்திரை விழுந்தது.

எந்த அரசு எதைக் கொடுக்கும் என்பதில் எங்கள் நடுவே இருந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. இலங்கை அரசு தன் ஏழைக் குடும்பங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தபோது, நமக்கும் வருமா என்று கேட்டவர்கள் உண்டு. அது அவர்களுடைய குடிமக்களுக்கு. இந்தியத் தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் சிறு தொகையில்தான் அது திரள்கிறது. இக்கட்டில் உள்ளவர்களுக்குத் தங்குமிடம், உணவு, அவசர மருத்துவம், தேவைப்பட்டால் ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் வசதியைப் பார்த்து, தகுதியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடிய தொகை அல்ல. ஆகவே கேட்கும்போது வங்கியில் இருக்கும் இருப்பு, வேலை போன விவரம், செலுத்தாத வாடகை போன்றவற்றுக்குச் சான்று இருந்தால்தான் பேச்சுக்கு இடமுண்டு. நான் கேட்கவில்லை, என்னிடம் சம்பளம் பாதியாவது வந்துகொண்டிருந்தது. என் அறைக்கு எதிரில் இருந்த, கூலி பாக்கியோடு கைவிடப்பட்ட இரு இளைஞர்களுக்காக எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு உணவுப் பொருள் வந்தது. இதைத் தவிர வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளம் 2015 முதல் இயங்குகிறது. அங்கே புகாரைப் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து நிலவரத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். தொலைபேசி மணிக்கணக்காக வேறு அழைப்பிலேயே இருக்கும் நாட்களில் கையில் ஒரு பதிவு எண் இருப்பது மனத்துக்கு எவ்வளவு பலம் என்பதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மே 7-ஆம் தேதி, வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவர வந்தே பாரத் என்ற பெயரில் விமானங்கள் கிளம்பின. முதல் கட்டப் பட்டியலில் பன்னிரண்டு நாடுகள் இருந்தன, அமீரகம், குவைத், சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று வாசித்துக்கொண்டே போனேன், இலங்கை இல்லை. அதே வாரம் சமுத்திர சேது என்ற பெயரில் கடற்படைக் கப்பல்கள் மாலத்தீவுக்குப் போயின. அதிலும் நாங்கள் இல்லை. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகம் பக்கம்தான். இரவில் கப்பல் சங்கு கேட்கும். சரக்குக் கப்பல்கள் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருக்கும்போது மனிதனை மட்டும் ஏற்ற முடியாதா என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், லட்சக்கணக்கில் வேலை இழந்தவர்கள் வளைகுடாவில் இருக்கும்போது அவர்களை முதலில் எடுத்தது நியாயம்தான். ஆனால் நியாயம் புரிவதற்கு ஊர் வந்து சேர வேண்டியிருந்தது.

இந்த இடைக்காலத்தில்தான் வாட்ஸ்அப் குழுக்கள் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தன. நாளைக்குக் கப்பல், இன்று இரவு பெயர்ப்பட்டியல் மூடுகிறது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் இடம் உறுதி என்று வராத செய்தி இல்லை. தூதரகத்தில் பதிவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்டு வந்த எந்தச் செய்தியும் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். அதைவிட ஆபத்தான ஆசை ஒன்றும் காட்டப்பட்டது. நான் தங்கச்சிமடம் என்று தெரிந்த ஒருவர், மன்னார் பக்கம் கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டால் விடிவதற்குள் ஊர் மணலை மிதிக்கலாம் என்று சொல்லி, இந்தியப் பணம் நாற்பதாயிரம் கேட்டார். அந்தக் கடலைச் சிறுவயதிலிருந்து பார்த்தவனுக்கு அது நடக்காத காரியமாகத் தோன்றாது. அதனாலேயே அந்த ஆசை கொடியது. போயிருந்தால் பாஸ்போர்ட்டில் இலங்கையை விட்டு வெளியேறியதற்கு முத்திரை இருக்காது, இந்தியாவுக்குள் நுழைந்ததற்கும் இருக்காது. இரண்டு கடற்படைகளும் நம் கடலோரக் காவல் குழுமமும் அந்த மாதங்களில் வழக்கத்தைவிடக் கண் விழித்திருந்தன. பிடிபட்டால் வழக்கு, சிறை. பிடிபடாவிட்டாலும் ஊரில் எந்தச் சோதனையும் இல்லாமல் நோயைக் கொண்டுவந்தவன் என்ற பெயர். இதை மனைவியிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஏங்க, மூணு மாசம் ஆனாலும் ஆகட்டும், கையெழுத்து போட்டுட்டு வாசல் வழியா வாங்க" என்றாள். அந்தப் பேச்சுக்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் இருந்தவர்கள் செய்ய வேண்டியதும் பாதி உண்டு. என் பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு ஆகியவற்றின் நகலோடு மனைவி இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பினாள். தமிழக அரசும் வெளிநாட்டில் இருந்து திரும்ப விரும்பும் தமிழர்களுக்கென்று இணையப் பதிவு திறந்திருந்தது. அதிலும் என்னைப் பதிந்தாள். இந்த இரண்டும் என்னைக் கப்பலில் ஏற்றின என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்து இறங்கிய பிறகு எந்த மாவட்டத்துக்கு அனுப்புவது, எங்கே தனிமைப்படுத்துவது என்பதெல்லாம் மாநில அரசின் வேலை. அந்த இடத்தில் நம் பெயர் முன்பே இருந்தால் கேள்விகள் குறைகின்றன. இத்தனைக்கும் நடுவில் என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தாள். தேர்வு தள்ளிப்போய், ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், நான் ஊர் வந்து சேர்ந்த பிறகு ரத்து என்றார்கள். தினமும் இரவு வீடியோ அழைப்பில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்காகச் செய்ததாக நினைத்தேன், உண்மையில் என் புத்தி பேதலிக்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரத்தால்தான்.

மே மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் ஜூன் 1 அன்று கொழும்பிலிருந்து புறப்படும், தயாராக இருங்கள் என்றார்கள். அவகாசம் குறைவு. பெட்டி எப்போதும் கட்டி வைத்திருந்ததால் எனக்குச் சிரமம் இல்லை. வாடகை பாக்கிக்காக லாட்ஜ்காரர்கள் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டதால் சிலர் பட்ட பாட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. துறைமுகத்தில் இடைவெளி விட்டு உட்கார வைத்து, உடல் வெப்பம் பார்த்து, பெயர் வாசித்தார்கள். நோய்க்குறி இருப்பவரை ஏற்ற மாட்டார்கள் என்பதால் இருமல் வந்தவர்கள் கூட வாயைப் பொத்திக்கொண்டு முழித்தார்கள். யாரோ ஒருவருடைய பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்துக் கொண்டிருந்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் அது என் அப்பா பெயர் என்பது உறைத்தது. ஊரில் எனக்கு முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. பட்டியல் அந்தக் கட்டத்தின் வரிசையில் இருந்தது. தமிழர்கள் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு கட்டங்களையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். பெயர் வாசிக்கும் இடத்தில் உங்கள் அப்பா பெயருக்கும் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

கப்பலைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல முடியும். படை வீரர்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல் என்பதால் உள்ளே கூடம் கூடமாக இடம் இருந்தது. அடுக்குப் படுக்கைகள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி, வரிசையில் சுடச்சுடச் சாப்பாடு. அந்த முறை அறுநூற்று எண்பத்தைந்து பேர் வந்தோம். ஓர் இரவுப் பயணம்தான். பிற்பாடு இதே கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து நம் கடலோர மீனவர்கள் உட்பட அறுநூற்று எண்பத்தேழு பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. சமுத்திர சேதுவில் மொத்தம் 3,992 பேர் இப்படிக் கடல்வழியே திரும்பியிருக்கிறோம் என்று கடற்படை பின்னர் அறிவித்தது.

ஜூன் 2 காலை வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கியவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சோதனை, குடிவரவு, சுங்கம், ஆரோக்கிய சேது செயலி, உறுதிமொழிப் படிவம் என்று பாதி நாள் ஓடியது. அழைத்துப் போக வீட்டார் கார் கொண்டுவரலாமா என்று பலர் கேட்டார்கள். அப்போது தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். தூத்துக்குடி ஒரு மண்டலம், இராமநாதபுரம் மதுரையோடு சேர்ந்த வேறு மண்டலம். இடையே போக இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஆகவே மாவட்டவாரியாக அரசு ஏற்பாடு செய்த பேருந்தில் ஏறுவதே சரியான வழி. தனிமைப்படுத்தலுக்குப் பணம் கட்டி ஓட்டலில் இருப்பது ஒரு வழி, அரசு எடுத்திருந்த இடத்தில் இருப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைக் கேட்டு வாங்கி ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். கொசு அதிகம், சாப்பாட்டுக்குக் குறை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தனிமைப்படுத்தலைத் தம் செலவில் ஏற்க வேண்டும் என்பதுதான் அப்போது மத்திய அரசின் பொது விதியாக இருந்தது. கட்ட முடியாதவர்கள் அதை முதலிலேயே, பேருந்தில் ஏறுவதற்கு முன்பே, அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டியிருந்தது. கூச்சப்பட்டு ஓட்டல் வரிசையில் நின்ற சிலர் கடன் வாங்கிக் கட்டினார்கள். சளி மாதிரி எடுத்து, முடிவு வந்து, வீட்டில் மேலும் தனித்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத் தெருவே ஒதுங்கி நடந்தது. அதற்கு நான் மனம் நோகவில்லை, அன்று எல்லோருக்கும் உயிர்ப்பயம்.

கணக்கெழுதுகிறவன் என்பதால் செலவையும் சொல்லிவிடுகிறேன். வாடகை, சாப்பாடு, மருந்து, தொலைபேசி, வங்கிப் பிடித்தம் எல்லாம் சேர்த்து நம் பணத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் போனது. பாதிச் சம்பளமாக இழந்தது தனி. வசூலிக்கப் போன பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வியாபாரிகள் பிறகு வங்கி வழியே அனுப்பினார்கள். பயணத்துக்கு எடுத்த காப்பீடு மருத்துவமனைச் செலவுக்கு மட்டும்தான். நாடு மூடப்பட்டதால் தங்க நேர்ந்த செலவை அது ஏற்காது என்று பதில் வந்தது. காப்பீடு எடுக்கும்போது விலையைப் பார்க்கும் நாம், பயணம் தடைபட்டால் தங்கும் செலவு உண்டா என்ற வரியைப் படிப்பதில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மிச்சம் இருந்தது திரும்பி வருவதற்கு எடுத்து, பறக்காமல் போன பயணச்சீட்டு. பணத்தைத் தராமல், பிறகு பறந்துகொள்ளுங்கள் என்று வரவுக் கணக்கில் வைத்தார்கள். எனக்கு மறுபடி கொழும்பு போகும் எண்ணமே அப்போது இல்லை. ஊரடங்கில் ரத்தான பயணச்சீட்டுகளின் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வழங்கியது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, பயணச்சீட்டு எண்ணையும் விமானம் ரத்தானதாக அவர்களே அனுப்பிய குறுஞ்செய்தியையும் இணைத்து எழுதினேன். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் முடியாது என்றவர்கள், எழுத்தில் கேட்டதற்கு விவரம் கேட்டுப் பதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பங்குனியில் பணம் கணக்கில் வந்து விழுந்தது, வட்டி இல்லாமல்.